வேலிக்காத்தான் பயிரை மேய்ந்தது!

கண்மாய் இருக்கிறது, தண்ணீர் இல்லை. மடை இருக்கிறது, பாய்ச்சல் இல்லை. கரை இருக்கிறது, அதிலே கால் வைக்க இடமில்லை. வரத்துக்கால் உண்டு என்று கிராமக் கணக்கிலே எழுதியிருக்கிறது; நேரிலே சென்று பார்த்தால் முள் உண்டு, முள்ளைத் தவிர வேறொன்றும் இல்லை! இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடிச் சீமைகளிலே ஒரு பகற்பொழுது பேருந்தில் சென்றவர் எவரும் இதற்குச் சாட்சி கூறுவர்.

சாலையின் இரு மருங்கிலும் ஓயாமல் ஓடி வரும் அந்த முட்புதருக்குச் சீமைக் கருவேலம் என்று பெயர். வேலிக்கருவை என்பார் சிலர். வேலிக்காத்தான் என்பார் பலர். வேலியைக் காப்பான் என்று நம்பி நம் மக்கள் சூட்டிய பெயர் அது. காத்தானா? வேலியைத் தாண்டினான், வரப்பைத் தாண்டினான், தரிசைத் தின்றான், மேய்ச்சல் நிலத்தைத் தின்றான், கண்மாய்க்குள்ளே குடியேறி, கரைமேல் ஏறி நிற்கிறான். வேலியே பயிரை மேய்ந்தாற்போல என்று நம் பெரியோர் பழமொழியாகச் சொன்னார்கள். நாமோ அதைப் பட்டப்பகலில் கண்ணெதிரே காண்கிறோம்.

இந்த முள்ளை ஒழிக்க வேண்டும் என்பதிலே இன்று நாட்டிலே கருத்து வேறுபாடு அதிகமில்லை. கட்சிகள் பேசுகின்றன, நீதிமன்றம் பேசியிருக்கிறது, அரசு கொள்கை வகுத்திருக்கிறது. ஆனால் எப்படி ஒழிப்பது? யார் செலவில் ஒழிப்பது? ஒழித்த இடத்தில் எதை வளர்ப்பது? அந்த முள்ளை நம்பி உலை வைத்த ஏழையை எங்கே அனுப்புவது? இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை கூறாமல், "வெட்டு, வெட்டு" என்று முழங்குவோர் மரத்தின் கிளையைத்தான் வெட்டுவார்கள். வேரைத் தொட மாட்டார்கள் என்பது நமது திடமான கருத்து.

அழைத்து வந்தவர் யார்?

சீமைக் கருவேலம் தானாகக் கடல் தாண்டி வரவில்லை. மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியத் தீவுகள், தென்னமெரிக்காவின் வடபகுதி ஆகியவை அதன் தாயகம். சென்னை மாகாணத்திலே வட பகுதி வனங்களுக்குக் காப்பாளராக இருந்த கர்னல் பெடோம் என்ற ஆங்கில அதிகாரி, 1876-ல் மாகாண சர்க்காரின் வருவாய்த் துறைக்கு எழுதி, வறண்ட நிலங்களிலே விறகுக்காக வளர்க்க இதன் விதைகள் வேண்டும் என்று கேட்டார். ஜமைக்காவிலிருந்து விதை வந்தது. 1877-ல், அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த கடப்பை மாவட்டத்துக் கமலாபுரத்திலே ஊன்றப்பட்டது. தென்னாடெங்கும் பஞ்சம் தாண்டவமாடி, இலட்சக்கணக்கானோர் மாண்டுகொண்டிருந்த ஆண்டுகள் அவை. மனிதனுக்குச் சோறில்லாத காலத்தில் அடுப்புக்கு விறகு தேடினார்கள்!

தமிழ்நாட்டிலே ஒரு பேச்சு உலவுகிறது. காமராசர் ஆட்சியிலேதான் இந்த மரம் வந்தது என்று கூறுவார்கள். விதை ஊன்றப்பட்டது 1877-ல். காமராசர் பிறந்ததே 1903-ல். பிறக்குமுன் செய்த காரியத்துக்கு ஒருவரைப் பொறுப்பாக்குவது அரசியலுக்கும் அழகல்ல, வரலாற்றுக்கும் அழகல்ல. பின்னாளில் பல ஆட்சிகள், பல மாநிலங்களில், விறகுக்காகவும் மண்ணைக் காப்பதற்காகவும் இதனைப் பரப்பின என்பது உண்மை. பழியைப் பங்கிட வேண்டுமானால் ஒரு தலைமுறைக்கு மட்டுமல்ல, ஐந்தாறு தலைமுறைகளுக்குப் பங்கிட வேண்டும்.

வடக்கே பாருங்கள். நம் கோயில்களிலே தலமரமாக நிற்கும் வன்னிக்கு இராஜஸ்தானத்திலே கேஜ்ரி என்று பெயர். அதன் நிழலிலே கம்பு விளைகிறது. அதன் தழையை ஆடும் ஒட்டகமும் உண்கின்றன. 1730-ல் ஜோத்பூர் அரண்மனைக்கு விறகு வேண்டுமென்று அந்த வன்னி மரங்களை வெட்ட அரச சேவகர் வந்தபோது, அமிர்தா தேவி என்ற பெண்மணி மரத்தைக் கட்டித் தழுவி உயிர் துறந்தார். அவரைத் தொடர்ந்து பிஷ்ணோய் மக்கள் 363 பேர் மாண்டனர் என்று அந்நாட்டார் போற்றுகின்றனர். அதே ஜோத்பூர் சமஸ்தானம் 1940-ல் என்ன செய்தது? சீமைக் கருவேலத்துக்கு அரச மரியாதை அளித்து, இராஜ விருட்சம் என்று பட்டம் சூட்டியது! ஏழை உயிர் கொடுத்துக் காத்த மரத்துக்குக் கோடரி. சீமையிலிருந்து வந்த முள்ளுக்கு மகுடம்!

குஜராத்திலே பன்னி என்றொரு புல்வெளி. ஆசியாவின் பெரிய புல்வெளிகளுள் ஒன்று. உப்புப் பாலை பரவாமல் தடுக்கலாம் என்று கருதி, 1961-ல் வனத்துறையினர் அங்கே 31,550 ஹெக்டேரில் சீமைக் கருவேலத்தைப் பரப்பினர். இன்று பாலையினும் வேகமாகப் பரவியிருப்பது முள். அங்கே எருமையும் பசுவும் வளர்த்து வாழும் மால்தாரி மக்கள் இதற்குக் 'காண்டோ பாவல்' என்று பெயர் வைத்தனர். பைத்தியக்கார மரம் என்று பொருள். படிக்காத மக்கள் வைத்த பெயரிலே படித்தவர்களின் திட்டத்துக்குத் தீர்ப்பு அடங்கியிருக்கிறது.

கடல் கடந்து ஆப்பிரிக்காவிலும் இதே கதைதான். கென்யா நாட்டுப் பரிங்கோ பகுதியிலே 1980-களில் இதே மரத்தை வளர்ச்சித் திட்டம் என்ற பெயரிலே நட்டார்கள். இனிக்கும் காயை ஓயாமல் மென்ற ஆடுகளுக்குப் பல் சொத்தை விழுந்தது. பல் போன ஆடு இரை தின்ன மாட்டாமல் செத்தது. அம்மக்கள் 2006-ல் தம் அரசின்மீதே வழக்குத் தொடுத்து, பல் போன ஆடு ஒன்றையே சான்றாக நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றனர். மனுவிலே எழுதினால் மறுக்கலாம். ஆட்டின் வாயைத் திறந்து காட்டினால் மறுப்பதெப்படி?

கடப்பை, ஜோத்பூர், பன்னி, பரிங்கோ – எங்கும் ஒரே முறை. மேலே இருப்பவர் முடிவு செய்தார். கீழே இருப்பவர் முள்ளை மிதித்தார். அந்த நிலத்திலே ஆடு மேய்த்தவனையோ, கமலை ஓட்டியவனையோ கருத்துக் கேட்டார் என்று எந்த ஏட்டிலும் நாம் கண்டதில்லை.

முள்ளின் மூலபலம்

இவ்வளவு வலிமை இந்த மரத்துக்கு எங்கிருந்து வந்தது? மந்திரமா, மாயமா? இரண்டுமில்லை, அதன் வாழ்க்கை முறையே அதன் படைபலம்.

முதலாவது, வேர். இந்த இனத்து மரமொன்றின் வேர், அமெரிக்க நாட்டு அரிசோனாவிலே சுரங்கம் தோண்டும்போது 53 மீட்டர் ஆழத்தில் காணப்பட்டது. நம் கிணறு வற்றும், பயிர் வாடும், இது வாடாது. இரண்டாவது, காய். இலையை ஆடுமாடுகள் விரும்பித் தின்பதில்லை, காயோ இனிப்பு. காயைத் தின்ற ஆடு ஊரெல்லாம் நடக்கிறது. வயிற்றிலே செரிக்காத கடின விதை புழுக்கையோடு விழுகிறது. விதைக்கு விதை, எருவுக்கு எரு, கூலியில்லாமல் விதைப்பு! மூன்றாவது, துளிர். தரையோடு வெட்டினால் சாவதில்லை. ஒரு தண்டு இருந்த தூரிலே பத்துத் தண்டு கிளம்பும். நான்காவது, இதன் இலையும் வேரும் மண்ணிலே விடும் பொருள்கள் பிற செடிகளின் விதையை முளைக்கவிடாமல் தடுக்கின்றன என்று ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். எனவே இதன் அடியிலே புல்லும் அரிது. ஐந்தாவது, தாயகத்திலே இதன் விதையைத் தின்று கட்டுப்படுத்தும் வண்டுகள் பலவற்றை அங்கேயே விட்டுவிட்டு இது மட்டும் கப்பலேறி வந்தது. எதிரியில்லாத ஊரிலே எவனும் ஏகாதிபதிதானே!

இவற்றோடு இன்னொன்றையும் கூற வேண்டும். இந்த மரம் காற்றிலுள்ள ஈரத்தையெல்லாம் உறிஞ்சி மழையையே தடுக்கிறது, பிராணவாயுவை விழுங்குகிறது, இதன் நிழலிலே கட்டிய மாடு மலடாகிறது என்றெல்லாம் கைபேசி வழியே கதைகள் பரவுகின்றன. அறிவுக்கு ஒவ்வாத இக்கதைகளை நாம் ஏற்பதற்கில்லை. குற்றவாளியின் மீது பொய்க் குற்றம் சாட்டினால் அவன் தப்பிக்க வழி செய்தவர்களாவோம். மெய்க் குற்றமே மலைபோலிருக்க, பொய்க் குற்றம் எதற்கு?

புல் போனால் போவது என்ன?

"முள் வந்தால் என்ன? பச்சையாகத்தானே இருக்கிறது?" என்று கேட்போர் உண்டு. பச்சையெல்லாம் வளமல்ல, நண்பர்களே! பாசியும் பச்சைதான், நஞ்சும் பச்சையாக இருக்கக்கூடும்.

கோடியக்கரைக்குச் செல்லுங்கள். வெளிமான்களைக் காப்பதற்கென்றே 1967-ல் அங்கே சரணாலயம் அமைத்தார்கள். வெளிமான் வெட்டவெளியிலே வாழும் உயிர். தூரத்திலே பகையைப் பார்த்து, துள்ளி ஓடித் தப்புவது அதன் இயல்பு. அதற்கு வேண்டியது புல்வெளி. அந்தப் புல்வெளிக்குள்ளே சீமைக் கருவேலம் புகுந்து இடத்தை நெருக்குகிறது. மானைச் சுட வந்தவனைச் சட்டம் பிடிக்கும். மானின் மேய்ச்சலைப் பறித்த முள்ளை எந்தச் சட்டம் பிடிக்கும்? அதிலும் கொடுமை, அந்த மான்களே காயைத் தின்று விதையைப் பரப்புகின்றன! தன் வீட்டைப் பறிப்பவனுக்குத் தானே விதை தூவும் நிலைமை வாயில்லா உயிருக்கு வந்திருக்கிறது.

புல் போனால் மான் மட்டும் போவதில்லை. புல்லிலே முட்டையிடும் பறவை போகிறது, புல்லின் விதையைத் தின்னும் குருவி போகிறது, பூச்சி போகிறது, பூச்சியை உண்ணும் ஓணான் போகிறது. நாட்டுக் கருவேலமும் உடைமரமும் வெள்வேலும் கண்டாங்கள்ளியும் ஒதுங்குகின்றன. கொங்கு நாட்டுக் கொரங்காட்டிலே வெள்வேல மரத்தடியிலும் கொழுக்கட்டைப் புல் செழித்து வளர, அதை மேய்ந்தே காங்கேயம் காளை உரம் பெறுகிறது. புல்லை வாழவிடும் மரம் அது. புல்லைக் கொல்லும் மரம் இது. சிவகங்கைப் பக்கத்துப் புலிக்குளம் மாடுகளைக் கிடை அமர்த்தி ஊர் ஊராக ஓட்டிச் செல்லும் கீதாரிகள், மேய்ச்சல் எங்கே என்று தேடித் திரிகிறார்கள். ஒரு புல்லின் இழப்பு மனிதனின் உலைப்பானை வரை வந்து முடிகிறது. பல்லுயிர் என்று அறிஞர் கூறுவது ஏதோ காட்சிச் சாலைக்குரிய சொல்லல்ல. ஏழையின் சோற்றுக்கு இன்னொரு பெயர்.

உலக முழுவதும் இந்த ஆபத்து கணக்கிடப்பட்டிருக்கிறது. உலக நாடுகளின் அரசுகள் கூடி அமைத்த உயிரினப் பன்மை ஆய்வு மன்றம் 2023-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. மனிதர் கையால் இடம் மாறிய அயல் உயிரினங்கள் 37,000-க்கும் மேல். அவற்றிலே கேடு விளைவிப்பவை 3,500-க்கும் மேல். உலகிலிருந்து அற்றுப்போன உயிரினங்களில் நூற்றுக்கு 60-ன் அழிவிலே இவற்றுக்குப் பங்குண்டு. 2019-ல் இவற்றால் விளைந்த பொருளிழப்பு ஆண்டுக்கு 42,300 கோடி டாலருக்கு மேல். நீலகிரிக் காட்டிலே உண்ணிச்செடியும் மஞ்சக்கொன்னையும், நம் ஏரிகளிலே ஆகாயத்தாமரையும், தெற்குச் சீமையிலே கருவேலமும் இந்தப் பெருங்கணக்கிலே நம் வீட்டுப் பற்றுவரிகள்.

அயலானெல்லாம் பகைவனா?

இங்கே ஒரு வார்த்தை. வெளிநாட்டிலிருந்து வந்தது என்பதற்காகவே ஒன்றை வெறுக்கும் குறுகிய மனம் நமக்கில்லை. நாம் உண்ணும் மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. நிலக்கடலை அங்கிருந்து வந்தது. மரவள்ளியும் முந்திரியும் அங்கிருந்து வந்தன. இதே இராமநாதபுரத்து முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரே கண்டத்திலிருந்து வந்த இரண்டு செடிகள், ஒரே மாவட்டத்து மண்ணிலே! ஒன்று உழவனோடு ஒட்டி வாழ்ந்து ஊருக்குப் பெருமை தேடித் தந்தது. மற்றொன்று உழவனின் நிலத்தையே பிடுங்கிக்கொண்டது. பிறந்த இடத்தைக் கேட்டல்ல, வாழும் முறையைக் கண்டே எதையும் மதிப்பிட வேண்டும். "வந்தேறி" என்ற சொல்லைச் செடியிலிருந்து எடுத்து மனிதன்மேல் எறியத் துடிப்போருக்கும் இதுவே நமது மறுமொழி. தாவரவியலிலே சாதி அரசியலைக் கலக்க நாம் இடந்தர மாட்டோம்.

கரிமூட்டத்தின் கண்ணீர்

இனி, பேசாதோர் பேச்சைப் பேசுவோம்.

முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடிப் பக்கங்களிலே மழை பொய்த்த ஆண்டுகளில் அடுப்பெரிய வழி செய்தது எது? உண்மையை மறைக்க வேண்டாம், இந்த முள்தான். முள்ளை வெட்டி, கட்டையை அடுக்கி, மண் பூசி, கரிமூட்டம் போட்டு, இரவும் பகலும் புகையிலே கண் விழித்து, மூட்டம் பிரித்து மூட்டை கட்டும் ஆயிரமாயிரம் குடும்பங்களுக்கு அதுவே கஞ்சி. அதுவே பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு. விறகால் மின்சாரம் எடுக்கும் ஆலைகளும் அப்பகுதிகளிலே இதனை எரித்து இயங்குகின்றன. அந்த உழைப்பிலே தோல் கருகியவன் ஏழை. இலாபத்திலே கை சிவந்தவர் இடைத்தரகர்.

"முள் ஒழிக" என்று நாம் முழங்கும்போது, அந்தக் கரிமூட்டத்துத் தாயின் காதிலே அது எப்படி ஒலிக்கும் என்று எண்ணிப் பார்த்தோமா? நிலத்தை முள் பறித்தது. பிழைப்பை முள் தந்தது. இப்போது முள்ளையும் பறித்துவிட்டு, நிலத்தையும் திருப்பித் தராவிட்டால், அவளுக்கு மிஞ்சுவது திருப்பூருக்கோ சென்னைக்கோ போகும் பேருந்துச் சீட்டு ஒன்றுதான். ஒரு தவறைத் திருத்தும்போது, அந்தத் தவறால் வதைபட்டவன் தலையிலேயே திருத்தக் கூலியையும் கட்டுவது நீதியாகாது.

ஆணை போட்டால் போதுமா?

சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017-ன் தொடக்கத்திலே சீமைக் கருவேலத்தை அகற்றுமாறு ஆணையிட்டது. மாவட்டந்தோறும் பொக்லைன் இயந்திரங்கள் உறுமின, படம் எடுத்தார்கள், பத்திரிகைகளிலே வெளியிட்டார்கள். சில திங்களிலேயே, தக்க அறிவியல் ஆய்வு வேண்டும் என்ற கேள்வி எழ, உயர் நீதிமன்றத்தின் முதல் அமர்வு இடைக்காலத் தடை விதித்தது. தூரை விட்டுவிட்டு மேலே வெட்டிய இடங்களிலே மரம் முன்னினும் அடர்ந்து நின்றது. 2022-ல் தமிழ்நாடு அரசு, அயல் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கான கொள்கை ஒன்றை வெளியிட்டது. அகற்றுவதோடு நில்லாமல் மீட்பது என்ற சொல்லும் அதிலே இடம் பெற்றதை நாம் வரவேற்கிறோம். ஆனால் கொள்கை காகிதத்திலே இருக்கிறது. முள் கண்மாயிலே இருக்கிறது. காகிதத்தைக் கண்டு முள் அஞ்சியதாக வரலாறு இல்லை.

இன்னொரு உண்மையையும் ஒளிவின்றிக் கூறுவோம். முள் வந்ததால் கண்மாய் கெட்டதா, கண்மாய் கெட்டதால் முள் வந்ததா? இரண்டும் உண்மை. குடிமராமத்து என்ற பெயரிலே ஊரே கூடித் தூர்வாரிய வழக்கம் தேய்ந்தது, மடைக்காவல் நின்றது, வரத்துக்கால் ஆக்கிரமிப்புக்குள்ளானது, இளைஞர் ஊரை விட்டுச் சென்றனர். கைவிட்ட வீட்டிலே கரையான் புகுவது போல, கைவிட்ட கண்மாயிலே கருவேலம் புகுந்தது. தமிழ்நாட்டிலே ஏரி, கண்மாய்கள் 39,000-க்கும் மேல் உள்ளன. அவற்றிலே நீரை நிறுத்தும் ஏற்பாடின்றி முள்ளை மட்டும் எடுப்பது, கதவில்லாத வீட்டிலே திருடனை விரட்டிவிட்டுத் தூங்குவதற்கு ஒப்பாகும்.

ஒரு முறை வென்றோம்

"இவ்வளவு பெரிய முட்படையை வெல்ல முடியுமா?" என்று மனம் தளர்வோருக்கு ஒரு பழைய வரலாற்றை நினைவூட்டுவோம்.

சப்பாத்திக்கள்ளியும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். கள்ளியிலே வாழும் ஒருவகைப் பூச்சியிலிருந்து செஞ்சாயம் எடுக்கலாம் என்ற பேராசையால், கிழக்கிந்தியக் கம்பெனி 1795-ல் பிரேசிலிலிருந்து வங்காளத்துக்குப் பூச்சியைத் தருவித்தது. வந்தது தப்பான பூச்சி. நல்ல சாயம் தரவில்லை. ஆனால் ஒருவகைக் கள்ளியைத் தின்று தீர்த்தது! பின்னர் 1830-களில் அதைத் தென்னாட்டுக்கும் கொண்டுவந்தார்கள். அந்தப் பூச்சிக்கு அடங்காத வேறொரு வகைக் கள்ளி ஊர்ப்புறங்களையெல்லாம் ஆக்கிரமித்தபோது, 1926-ல் இலங்கை வழியாக வேறொரு பூச்சியை வரவழைத்து விட்டனர். சில ஆண்டுகளிலே பல்லாயிரம் ஏக்கர் கள்ளிக்காடு சாய்ந்தது. மூடிக்கிடந்த நிலத்தை உழவன் மீண்டும் கண்டான்.

இதனால் நாளைக்கே ஒரு பூச்சியை வரவழையுங்கள் என்று நாம் கூறவில்லை. தென்னாப்பிரிக்காவிலே இம்மர இனத்தின் விதையைத் தின்னும் வண்டுகளை 1980-களிலிருந்து விட்டுப் பார்த்தனர். விதை குறைந்தது, மரம் ஒழியவில்லை. நம் வன்னி மரமும் இதற்கு உறவு என்பதால், பூச்சி எதைத் தின்னும் எதை விடும் என்று பல ஆண்டு சோதித்தறியாமல் விடுவது, கமலாபுரத்துத் தவறையே மறுபடியும் செய்வதாகும். நாம் கூறுவது இதுதான்: பொறுமையோடும் அறிவியலோடும் தொடர்ந்து உழைத்தால் பெரும்படையையும் பின்வாங்கச் செய்யலாம் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்றுண்டு.

நாம் கேட்பது

ஆட்சிப் பொறுப்பிலே இருப்போர், அவர் எவராயினும், கீழ்க்கண்டவற்றைச் செய்ய வேண்டுமென்று வலியுறுத்துகிறோம்.

முதலாவது, எல்லா இடத்திலும் ஒரே நாளில் என்ற ஆரவாரம் வேண்டாம். கண்மாயின் உட்புறம், வரத்துக்கால், மடை, மேய்ச்சல் புறம்போக்கு, சரணாலயப் புல்வெளி ஆகியவற்றை முதல் வரிசையிலே வைத்து அகற்ற வேண்டும்.

இரண்டாவது, தூரோடு தோண்ட வேண்டும். தோண்டிய இடத்திலே அடுத்தடுத்த ஆண்டுகளிலும் மழைக்குப்பின் முளைக்கும் கன்றுகளைப் பிடுங்க வேண்டும். மண்ணுக்குள்ளே உறங்கும் விதை பல ஆண்டு காத்திருக்கும். அதிகாரியின் பொறுமை அடுத்த மாற்றல் உத்தரவு வரையில்தான் நீடிக்கும் என்றால் வெற்றி விதைக்கே!

மூன்றாவது, ஏலம் எடுத்தவர் நல்ல மரத்தை மட்டும் வெட்டிக்கொண்டு, தூரை விட்டுவிட்டுப் போகும் முறைக்கு முற்றுப்புள்ளி வைக்க வேண்டும். கரிமூட்டத் தொழிலாளர்க்குக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து, அகற்றும் உரிமையை அவர்களுக்கே அளிக்க வேண்டும். தூர்க்கட்டையும் கரிக்கு ஆகும். தோண்டும் வேலைக்குக் கூலியும், கட்டையின்மேல் உரிமையும் சேர்த்துக் கொடுத்தால், முள்ளை ஒழிப்பதிலே அவர்களைவிடப் பெரிய படை வேறெதுவும் இராது. நீலகிரிப் பழங்குடி மக்கள் உண்ணிச்செடிக் குச்சியைக் கொண்டு யானை உருவங்கள் செய்து உலகம் வியக்க வைத்தார்கள். மஞ்சக்கொன்னை மரம் அரசின் காகித ஆலைக்குக் கூழாகிறது. கேட்டையும் கூலியாக்கத் தெரிந்த மக்கள் நம் மக்கள்!

நான்காவது, அகற்றிய நிலத்தை அம்மணமாக விடக்கூடாது. புல் வளர வேண்டிய இடத்திலே புல். மரம் வேண்டிய இடத்திலே வன்னி, நாட்டுக் கருவேலம், உடை, பனை. கண்மாயிலே நீர் நிற்கும் வரை, ஏழைக்கு மாற்றுப் பிழைப்பு அமையும் வரை, பயனற்ற உவர்த்தரிசுகளிலே உள்ள முட்காட்டை வேலியிட்டுக் கட்டுக்குள் வைத்து விறகுக்கும் கரிக்கும் பயன்படுத்துவதிலே தவறில்லை.

ஐந்தாவது, சிறு பட்டாதாரர் தம் தரிசிலே வளர்ந்த முள்ளைத் தம் செலவிலே எடுக்க வேண்டும் என்று அபராதத்தைக் காட்டி மிரட்டக்கூடாது. விதையை ஊன்றியது சர்க்கார், செலவும் சர்க்காருடையதே.

ஆறாவது, இனியொரு சீமைக் கருவேலத்துக்குச் சிவப்புக் கம்பளம் விரிக்கக்கூடாது. விரைவாக வளரும், நீர் வேண்டாம், ஆடு தின்னாது என்று எந்த அயல்மரத்தையாவது புகழ்ந்தால், அந்தப் புகழ்ச்சியிலேயே எச்சரிக்கை இருக்கிறது என்று உணர வேண்டும். சாலையோரத்துக்கு அழகு என்று நடப்பட்ட கோனோகார்பஸ் மரத்தை 2023-ல் குஜராத் அரசு தடை செய்ய நேர்ந்ததே, அது நமக்குப் பாடமாகட்டும்.

சீமைக் கருவேலம் நமக்குச் சொல்லும் செய்தி மரத்தைப் பற்றியது மட்டுமல்ல. மக்களைக் கேளாமல் மக்களுக்கென்று தீட்டப்படும் திட்டம் எவ்வளவு நல்ல எண்ணத்தோடு தொடங்கினாலும், முள்ளாய் முளைத்து மக்கள் காலிலேயே குத்தும் என்பதுதான் அந்தச் செய்தி. நடும்போது கேட்கவில்லை. பிடுங்கும்போதாவது கேளுங்கள்! கரிமூட்டத்துக்காரரையும் கீதாரியையும் கண்மாய்க்கரை விவசாயியையும் ஒரே பந்தலில் உட்கார வைத்து, அவர்கள் சொல்லுக்குச் செவி சாயுங்கள். நாம் கேட்பது சலுகையல்ல. மக்களுக்குரிய கண்மாயை மக்களிடம் திருப்பித் தரும் நியாயம். கண்மாயிலே மீண்டும் நீர் அலையடிக்கட்டும். அதுவரை இந்தக் குரல் ஓயாது.